கண்ணாடி வயிறு

பிறந்த ஆறாம் வாரத்தில், குடித்த பாலையெல்லாம் பீய்ச்சியடித்தேனாம். இரைப்பையின் கீழ்வாசலில் தசை தடித்து வழியை அடைத்திருந்தது. கீறிச் சரிசெய்தார்கள். தொப்புளுக்கு மேலே அந்தத் தழும்பு என்னோடு வளர்ந்து இப்போது விரல் நீளம் இருக்கிறது. அதனால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் 'கண்ணாடி'; தொட்டால் உடைந்துவிடுவேனாம்.

அம்மா எனக்கு மட்டும் சோற்றை மசித்துத் தருவாள். வயிறு வலித்தால், "ஆபரேஷன் பண்ண வயிறுடா, அப்படித்தான் இருக்கும்" என்பாள். பள்ளியில் படித்தபோதும் அதே பதில்தான், அச்சகத்தில் சேர்ந்த பிறகும் அதே பதில்தான். போன மழைக்காலத்தில் வலி மாறியது. வயிறு காலியானால் கவ்விப் பிடித்தது. மாறியதாகத் தோன்றியது என்றுதான் எழுத வேண்டும், எனக்கே உறுதியில்லை. மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு தாள் அடுக்குவேன். "மேசையை நீ தாங்குறியா, அது உன்னைத் தாங்குதா?" என்பார் மேஸ்திரி.

நேற்று, அச்சக வேலை முடிந்து போகும் மாலைக் கல்லூரி வகுப்பில் பதில் சொல்ல எழுந்தவன், கண் இருட்டி விழுந்துவிட்டேன். இன்று அம்மாவும் அண்ணனும் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்.

"எப்போலேர்ந்து வலி?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"பொறந்ததுலேர்ந்தே" என்றாள் அம்மா.

"வயிறு யாரோடதோ அவர் சொல்லட்டும்மா."

அண்ணன் சிரித்தான். நான் சொன்னேன். சில வாரங்களாக மலம் கறுப்பாகப் போவதையும் சொன்னேன். அண்ணனின் சிரிப்பு அடங்கியது.

டாக்டரம்மா தழும்பை அழுத்திப் பார்த்தார். "இது எப்பவோ ஆறிப்போச்சு. பாவம், எல்லாப் பழியையும் இது தலையில போட்டுட்டீங்க. இது வேற. உள்ள ரத்தம் கசியுது போல. வாய் வழியா குழாய் விட்டுப் பாக்கணும்."

"கண்டதைக் குடுத்ததில்லையே டாக்டர். மசிச்சு மசிச்சுத்தானே..."

"மசிக்கவே வேண்டியிருந்திருக்காதும்மா."

மதியம் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்தது. துளி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

"சாதாரணப் புண்தானே?" என்றான் அண்ணன்.

"முன்னாடியே வந்திருக்கலாம். ரிசல்ட் வரட்டும்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சோறு போட்டாள். பழக்கத்தில் அவள் விரல்கள் சோற்றுக்குள் இறங்கின. பாதியில் நின்றன.

"மசிக்கவா, வேணாமா? நீயே சொல்லுடா."

இந்த வயிற்றைப் பற்றி அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"தெரியலம்மா" என்றேன்.