பழுது என்று எழுதிய டேப்

நாற்பத்தொரு பழைய கணினி டேப்புகளில் பத்தொன்பதைக் குப்பைக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பெரிய காரியம் செய்தவன்போல் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை எனக்குச் சேர வேண்டியதல்ல.

பழைய கணினிகளுக்கான ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் நான் மெக்கானிக். முன்பு தபால் பிரிக்கும் கூடமாக இருந்த கட்டடம். கூடத்தின் நடுவில், ஐந்து இரும்பு பீரோக்களை ஒட்டவைத்ததுபோல் ஓர் இயந்திரம் நிற்கிறது. வானிலை அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் உழைத்த கணினி. அதோடு ஆறு வருடம் மல்லுக்கட்டி உயிர் கொடுத்திருந்தேன். விளக்கு எரியும். இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால் கூட்டும். அதோடு சரி, வேறு ஒன்றும் தெரியாது. அதன் இயங்குதளம் எங்களிடம் இல்லை.

அந்த இயங்குதளத்துக்கு ஒரு பெயர் உண்டு: மேஸ்திரி. கணினியைச் செய்தவர்கள் அதை வெறும் இரும்பாகத்தான் விற்றார்களாம். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ஆள் நின்று சுவிட்சுகளைத் தட்டி, துளையிட்ட அட்டைக்கட்டை உள்ளே தள்ளி, முடியும்வரை காத்திருந்து, அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். பாதி நாள் இயந்திரம் சும்மா நிற்கும். வெளியே ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். இதைப் பொறுக்க முடியாமல் வானிலை அலுவலகத்துப் பொறியாளர்கள் இருவர் இரண்டு வருடம் உட்கார்ந்து மேஸ்திரியை எழுதினார்கள். வந்த வேலைகளை வரிசைப்படுத்துவது, எந்த டேப் வேண்டும் என்று கேட்பது, விடையை அச்சடிப்பது, அடுத்த வேலையை எடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. பிறகு புதிய கணினி தன் சொந்த இயங்குதளத்தோடு வந்து இறங்கியது. மேஸ்திரி இருந்த இடம் தெரியாமல் போனது. எழுதிய இருவரும் காலமாகிவிட்டார்கள். மிஞ்சியது நாலு பக்க அறிக்கை ஒன்றுதான்.

"வீடு கட்டியாச்சு, குடிவர ஆளில்லை" என்பார் எங்கள் காப்பாளர். அவர் ஒரு காலத்தில் நிரல் எழுதிப் பிழைத்தவர். எதையும் லேசில் விடமாட்டார். மேஸ்திரியைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள் என்று பத்திரிகையில் ஓர் அறிவிப்புக் கொடுத்துப் பார்த்தார். ஒரு கடிதம்கூட வரவில்லை. வானிலை அலுவலகத்தின் கிடங்கை ஒழித்தபோது கிடைத்த நாற்பத்தொரு டேப்புகளையும் வாங்கிவந்தார். இருபத்திரண்டைப் படித்துப் பார்த்தோம். எல்லாம் பிற்காலத்து மழை அளவுகளும் ஆள் பட்டியல்களும். மீதிப் பத்தொன்பதிலும் சிவப்பு மையில் "பழுது. பயன்படுத்த வேண்டாம்" என்று எழுதியிருந்தது. கெட்டுப்போனது என்று அவர்களே எழுதிக் கொடுத்தபிறகு அதில் என்ன தேட? கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை வண்டி வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை காலை இரண்டு பெண்மணிகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. ஒருவர் உயரம், ஒருவர் குள்ளம். இறுகிக்கொண்டிருந்த இயந்திரத்தின் டேப் அலமாரிக் கதவை நான் இழுத்துக்கொண்டிருந்தேன். குள்ளமானவர் பார்வையாளர் கயிற்றுக்கு வெளியே நின்றபடியே சொன்னார்:

"இழுக்காதீங்க. கொஞ்சம் தூக்கிட்டு இழுங்க."

தூக்கி இழுத்தேன். வெண்ணெயாகத் திறந்தது. ஆறு வருடமாக அந்தக் கதவோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அம்மா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கூட வந்தவர்தான் முந்திக்கொண்டார். "இவங்க அங்கதான் வேலை பார்த்தாங்க. டேப் ரூம். எல்லாரும் டேப்பம்மான்னுதான் கூப்பிடுவாங்க. நான் இவங்களுக்கு ஓரகத்தி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எங்களை விட்டுட்டுப் போயிட்டாங்க, நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டு அழறோம். உங்க விளம்பரம் பேப்பர்ல வந்து எட்டு மாசம் ஆச்சு. எட்டு மாசமா நச்சரிச்சு இன்னைக்குத்தான் கிளப்பிட்டு வந்தேன்."

"எட்டு மாதமா? ஏம்மா?"

டேப்பம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "உங்க பெரியவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேஸ் கீஸ் போடுவீங்களான்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்."

காப்பாளர் அறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தோம். அவர் அதைத் தொடவே இல்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

புதிய கணினி வந்ததும் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்ததாம். புது டேப் கிடைப்பது கஷ்டமாக இருந்த காலம். அதனால் பழைய டேப்புகளை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்த வேண்டும். அழிக்கும் வேலை டேப்பம்மாவுடையது. மேஸ்திரியை எழுதிய இருவரில் ஒருவரை அவர் நெட்டை சார் என்றார், மற்றவரைக் கண்ணாடி சார் என்றார். நெட்டை சார் அதற்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அழிப்பதற்கு முந்தின நாள் கண்ணாடி சார் டேப் அறைக்கு வந்தார்.

"வந்து நின்னாரு. அலமாரியைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. 'வரேம்மா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான். காப்பாத்துங்கன்னு கேட்டிருந்தாக்கூட, முடியாது சார், உத்தரவுன்னு சொல்லியிருப்பேன். அவர் கேக்கல. அதான் என்னால தாங்க முடியல. மறுநாள் மத்த எல்லாத்தையும் அழிச்சேன். மேஸ்திரி இருந்த டேப்ல மட்டும் பழுதுன்னு எழுதி, பழுது டேப்புங்களோட போட்டுட்டேன். பதிவேட்டுலயும் அப்படியே எழுதினேன். என் சர்வீஸ்ல நான் எழுதின ஒரே பொய் அது. கண்ணாடி சாருக்குக்கூடத் தெரியாது."

எனக்கு வெள்ளிக்கிழமை வண்டி என்பது நினைவுக்கு வந்தது.

"அம்மா, அந்தப் பத்தொன்பதுல எது அதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"பாக்கணும்."

பின்வாசலில் குப்பைக்கென்று அடுக்கியிருந்த பெட்டிகளை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு டேப்பாகப் பார்த்தார். பன்னிரண்டாவதை எடுத்ததும் நிறுத்தினார்.

"இதுதான்."

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"நல்லா பாருங்க. மத்த எல்லாத்துலயும் பழுதுங்கறதுக்குக் கீழ ஒரு எண் இருக்கும். டேப்போட நீளத்துல எத்தனாவது அடியில பழுதுன்னு எழுதாம நான் ஒரு டேப்பையும் தள்ளினதில்ல. இதுல எண் இல்ல. இல்லாத பழுதுக்கு எந்த அடியைப் போடறது? ஒரு பொய்யே எழுதிட்டேன், ரெண்டாவது எழுதக் கை வரல."

காப்பாளர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, கேஸெல்லாம் கிடையாது. இந்தப் பொய்க்கு நாங்க உங்களுக்குக் காலமெல்லாம் நன்றி சொல்லணும்."

அப்போதுதான் டேப்பம்மா தேநீரை எடுத்துக் குடித்தார். ஆறி அவலாகியிருந்தது. வேறு போட்டுத்தருகிறோம் என்றோம், வேண்டாம் என்றுவிட்டார்.

டேப் கிடைத்துவிட்டது, ஆனால் அப்படியே ஓட்ட முடியாது. முன்பு படித்த இருபத்திரண்டும் பிற்காலத்தவை, அப்படியே ஓடின; இவ்வளவு பழைய டேப்புகள் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே சுற்றினால் மேல்பூச்சு உரிந்து, எழுதியிருப்பதும் அதோடு போய்விடும். ஐம்பது, ஐம்பத்தைந்து டிகிரிச் சூட்டில், காய்ந்த காற்றில், பல மணி நேரம் வைத்து எடுத்தால் சில வாரங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். அதற்குள் படித்துவிட வேண்டும். இரண்டு டிகிரிகூட ஏறி இறங்காத அடுப்பு எங்களிடம் இல்லை. பல்கலைக்கழகத்தில் கேட்டேன், ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அடுத்த தெருவில் ஒரு பேக்கரி இருக்கிறது. ரொட்டித் துண்டுகளை ரஸ்க்காக உலர்த்த அந்தப் பேக்கரிக்காரர் ஒரு பெரிய இரும்புப் பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன்.

"டேப்பா? சாப்பிடறதில்லையே?" என்றார்.

"சாப்பிடறதில்லைங்க. நாற்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி ரெண்டு பேர் உக்காந்து எழுதினது. இது போச்சுன்னா வேற கிடையாது."

அவர் கையிலிருந்த மாவைத் துடைத்தார். "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கு ரஸ்க் போடறதில்ல. காலையில ஏழு மணிக்கு வாங்க. சூட்டை நான் பாத்துக்கறேன். நீங்க கிட்ட வந்து தொந்தரவு பண்ணக் கூடாது."

குப்பை வண்டி வர வேண்டிய அந்த வெள்ளிக்கிழமை முழுக்க, விடுமுறையை விட்டுவிட்டு, அந்த மனிதர் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கு ஒருமுறை எழுந்து டேப்பைத் திருப்பிவைத்தார். பிள்ளையைத் தொட்டிலில் போட்டிருப்பதுபோல் யாரையும் சத்தமாகப் பேசவிடவில்லை. என்ன தரட்டும் என்று கேட்டதற்கு, "ஓடிச்சுன்னா வந்து சொல்லுங்க, போதும்" என்றார்.

சனிக்கிழமை காலை டேப்பை ஓட்டினோம். டேப்பம்மாதான் அதைச் சக்கரத்தில் மாட்டினார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பகுதிகள். இருநூற்றுப் பதினொன்று சுத்தமாக வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. மூன்று முறை முயன்றோம். அந்த இடத்தில் பூச்சே இல்லை.

படித்ததை ஒழுங்குபடுத்திப் பார்க்கக் காப்பாளருக்கு நாலு நாள் ஆனது. புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"வரிசைப்படுத்தற இடம்தான் போயிருக்கு. எந்த வேலைக்கு எந்த டேப், யார் முதல்ல, யார் பிறகுன்னு முடிவு பண்ற பகுதி. அது இல்லாம மேஸ்திரி எழுந்திருக்காது. ஆனா அதுக்கு மேல எழுதியிருக்கறதைப் பாரு."

நிரலுக்கு நடுவே, படிக்கிற மனிதர்களுக்காகக் குறிப்பு எழுதுவது வழக்கம். திரையில் இரண்டு வரி இருந்தது:

"இந்த விதிகள் டேப் அறைக்காரர் வகுத்துத் தந்தவை. மாற்றுவதற்கு முன் அவரைக் கேட்கவும்."

மறுநாள் டேப்பம்மாவை வரவழைத்து அதைக் காட்டினோம். வாய்விட்டு இரண்டு முறை படித்தார். அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"பாருங்களேன்! ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. டேப் ரூமுக்கு வந்து, இதை ஏன் முதல்ல கொடுத்தீங்க, அதை ஏன் பிறகு கொடுத்தீங்கன்னு துருவித் துருவிக் கேப்பாங்க. சும்மா வம்பு பண்றாங்கன்னு நினைச்சேன்." பிறகு இரண்டாவது வரியை விரலால் தொட்டார். "கேட்கவும்னு எழுதியிருக்காங்க. மொத்தமா மாத்தினப்போ ஒருத்தரும் என்னைக் கேக்கல."

"இப்ப கேக்கறோம்மா" என்றார் காப்பாளர், பேனாவைத் திறந்தபடி. "சொல்லுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தையது, ஆனால் நேற்று நடந்ததுபோல் சொன்னார். ஒரு டேப்பை மாட்டினால், அதே டேப் வேண்டியவர்களின் வேலை எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். ஒரே டேப்புக்காக இரண்டு தடவை ஏணி ஏறக் கூடாது. ஆனால் அதைச் சாக்கிட்டு யாரையும் மூன்று முறைக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது.

"சத்தம் போடறவங்க வேலையை முதல்ல எடுத்தா, சத்தம் போடாதவங்க வேலை எப்ப நடக்கும்? அதுக்குத்தான் மூணு. இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. புயல் எச்சரிக்கைக் கணக்கு வந்தா, பெரிய ஆபீசர் வேலையே ஓடிட்டிருந்தாலும் நிறுத்திட்டு அதுதான் முதல். கடல்ல ஆளுங்க இருப்பாங்க இல்லையா?"

காப்பாளர் அதைப் பதினெட்டு வரி நிரலாக எழுதினார். தொலைந்துபோன வரிகள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நாங்கள் பாவனை செய்யவில்லை. மேலே தெளிவாகக் குறித்தோம்: "இது மூலப்பகுதி அல்ல. மூலம் அழிந்துவிட்டது. டேப் அறைக்காரரைக் கேட்டு இப்போது எழுதியது." அந்த விஷயத்தில் காப்பாளர் கறார். சரித்திரத்தில் ஒட்டுப்போட்டால் ஒட்டு தெரிய வேண்டும் என்பார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மேஸ்திரியை ஏற்றினோம். கண்ணாடி சாரின் மகள் வந்திருந்தார், ஒரு பல் மருத்துவர். நெட்டை சாரின் தம்பி வந்திருந்தார். பேக்கரிக்காரர் மாவு படிந்த சட்டையோடு கடைசியில் வந்து நின்றார். முதல் தடவை ஏதோ ஒரு சுவிட்சை நான் தவறாகத் தட்டிவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. டேப்பம்மா என்னைப் பார்த்த பார்வையில் கூசிப்போனேன். இரண்டாம் தடவை டேப் சக்கரம் அசைந்தது, நின்றது, மறுபடி சுழன்றது. அச்சுப்பொறி ஒரே ஒரு வரியைத் தட்டியது.

"மேஸ்திரி வந்தாச்சு. வேலை கொடு."

கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பல் மருத்துவர் மட்டும் தட்டவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டேப்பம்மாவிடம் வந்தார்.

"எங்க அப்பா அந்த வேலையைப் பத்தி வீட்டுல பேசவே மாட்டாரு. எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு ஒரு தடவை சொன்னாரு, அவ்வளவுதான். அவரு இங்க இவ்வளவு வேடிக்கையா எழுதியிருக்காருன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. ரொம்ப நன்றிம்மா."

"நான் என்ன பண்ணேன், ஒரு பொய்தானே எழுதினேன்" என்றார் டேப்பம்மா. "நன்றியை நான்தான் உங்க அப்பாவுக்குச் சொல்லணும். டேப்பைத் தூக்கிக்கொடுக்கற பொம்பளைன்னு நினைக்காம என்னைக் கேட்டு எழுதியிருக்காரு. உயிரோட இருந்திருந்தா நேர்ல சொல்லியிருப்பேன்." இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் யாருக்கு ஆறுதல் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மேஸ்திரியின் பக்கத்தில் இப்போது ஒரு பலகை இருக்கிறது. ஆக்கியோர் என்ற இடத்தில் மூன்று பெயர்கள். மூன்றாவது பெயரைப் போட டேப்பம்மா முதலில் ஒப்பவில்லை. ஓரகத்திதான், "போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று முடித்துவைத்தார். மாதத்தின் முதல் புதன்கிழமை இருவரும் வருகிறார்கள். பார்வையாளர்கள் முன்னால் டேப்பம்மா டேப்பை மாட்டுகிறார். நான் சுவிட்சைத் தட்டுகிறேன், திட்டும் வாங்குகிறேன். என் கையெழுத்துப் போட்ட அந்தக் குப்பைத் தாளைக் காப்பாளர் கிழிக்கவில்லை. கோப்பில்தான் இருக்கிறது. இருக்கட்டும், அதுவும் நடந்ததுதானே.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பேசியது ஓரகத்தி.

"வந்து சேந்துட்டோம் தம்பி. அக்கா பஸ்ல பக்கத்து சீட்டுக்காரருக்கு மேஸ்திரி கதையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. பாவம், அவர் இறங்க வேண்டிய இடமே தாண்டிப்போச்சு. இப்ப அவரும் எங்க வீட்டுல உக்காந்து மீதியைக் கேட்டுக்கிட்டு இருக்காரு. நான் போய்த் தேநீர் போடறேன், வச்சிடட்டுமா?"