வெறும் முள்ளில் இரை

மார்லிஸின் புருஷன் வேறொருத்தியோடு டுலூத் நகரத்துக்குப் போன பிறகும், அவனுடைய தங்கை எல்வி மட்டும் அண்ணியை விடவில்லை. செப்டம்பரில் பிர்ச் மரங்கள் மஞ்சள் பூசத் தொடங்கினால் படகை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு மார்லிஸின் வாசலில் வந்து நின்றுவிடுவாள்.

அன்றும் அப்படித்தான் டெவ்லின் ஏரிக்குப் போனார்கள். பிற்பகல். காற்று செத்துக் கிடந்தது. கரையோரக் கோடை வீடுகள் எல்லாம் பூட்டியிருந்தன. ஏரியில் வேறு படகே இல்லை. நடுவில் தண்ணீருக்கடியில் இருக்கும் பாறைத்திட்டின் விளிம்பில் எல்வி நங்கூரம் போட்டாள்.

"வெயில் இருக்கிற வரைக்கும் இந்த வெள்ளக்கண்ணு வால்ஐ மீன் ஆழத்துலதான் அண்ணி கிடக்கும். இருபத்தெட்டு அடி விடுங்க. பொழுது சாய அது திட்டு மேல ஏறும். நாமளும் கூடவே ஏறணும்."

"எனக்கே பாடமா? உங்கண்ணனுக்குத் தூண்டில் பிடிக்கச் சொல்லிக் குடுத்தவளே நான்தான்டி. நல்லாத்தான் கத்துக்கிட்டான், வேற எடத்துல போய்ப் போட்டுட்டான்."

எல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். ஈயத்தலை வைத்த முள்ளில், வாளியிலிருந்த சின்ன இரைமீன் ஒன்றை வாய் வழியாகக் கோத்து இறக்கினாள். ஈயம் பாறையில் தட்டியதும் ஓரடி தூக்கி, உயர்த்தி, நிறுத்தி, தாழ்த்தினாள். ஒரு கொத்து. சுண்டினாள். மீன் இரையைத் தின்றுவிட்டு ஓடியிருந்தது. முள் வெறுமையாக வந்தது. காப்பி ஊற்றிக் குடிக்கும் வரை இருக்கட்டும் என்று வெறும் முள்ளையே மறுபடி இறக்கிவிட்டாள்.

குடித்துவிட்டு எடுத்தபோது முள்ளில் ஓர் இரைமீன் துடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, விளையாடுறீங்களா?"

"நான் ஏன்டி உன் முள்ளத் தொடப் போறேன்?"

மார்லிஸ் குனிந்து பார்த்தாள். அவர்கள் இருவருமே வாய் வழியாகக் கோப்பவர்கள். இதுவோ முதுகில், நேர்த்தியாக, சதை கிழியாமல் கோத்திருந்தது. வாளியில் இருந்த மீன்களின் நிறமும் இல்லை. வெளிச்சமே படாத எதையோ போல வெளிறியிருந்தது.

"தூக்கிப் போடு அதை," என்றாள் மார்லிஸ்.

எல்வி தூக்கிப் போடவில்லை. முள்ளோடு இறக்கினாள். அது அடியைத் தொடும் முன்பே முழங்கை நீள மீன் ஒன்று கவ்வியது. அதைப் படகின் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, வெறும் முள்ளை இறக்கி, காத்திருந்து, எடுத்தாள். மறுபடியும் முதுகில் கோத்த இரை. இந்தத் தடவை இருவருக்கும் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

வெயில் இறங்க இறங்க மீன்கள் மேலே ஏறின. படகை நகர்த்தி பதினெட்டு அடியில் நிறுத்தினார்கள். இரை கோத்து அனுப்புவது எதுவோ, அதுவும் அவர்களோடு மேலே வந்தது. ஆழம் குறையக் குறைய வெறும் முள் காத்துக் கிடக்கும் நேரமும் குறைந்தது.

"போதும் எல்வி. யார் குடுக்கிறாங்கன்னே தெரியாம எதுக்குடி வாங்கணும்?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு அண்ணி. இப்படி ஒரு நாள் எனக்கு வாய்ச்சதே இல்ல."

அந்த ஒன்றுக்காகத் திட்டின் உச்சிக்குப் போனார்கள். எட்டு அடிதான். தேயிலைச் சாற்றின் நிறத்திலிருந்த தண்ணீருக்குக் கீழே பாறைகள் மங்கலாகத் தெரிந்தன. எல்வி முள்ளை இறக்கினாள். அது அடியைத் தொடவே இல்லை. பாதியில், ஒரு கையில் வாங்கிக்கொண்டது போல, நின்றது.

பிறகு தூண்டில் கம்பின் நுனி மெல்லத் தாழ்ந்தது. நின்றது. உயர்ந்தது. மறுபடி தாழ்ந்தது.

"அண்ணி, நான் ஆட்டல," என்றாள் எல்வி. குரல் சன்னமாக இருந்தது. "அதுதான் ஆட்டுது. அது என்னைப் பிடிக்கப் பார்க்குது."

"கம்பை விடுடி!"

எல்வி விடவில்லை. விரல்கள் இறுகியிருந்தன. ஒவ்வொரு தாழ்விலும் அவள் உடம்பு இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. தலைமயிரின் நுனி தண்ணீரைத் தொட்டுவிட்டது. மார்லிஸ் மீன் அரியும் கத்தியை எடுத்துத் தூண்டில் நரம்பை அறுத்தாள். நாத்தனாரின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் படகின் தரையில் தள்ளினாள். நங்கூரக் கயிற்றையும் அறுத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினாள்.

இருட்டிவிட்ட படகுத்துறையில் மார்லிஸ் தொட்டியைத் திறந்து மீன்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். எல்வி தடுக்கவில்லை. டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். மீன்கள் ஓடவில்லை. துறையோரம் வரிசையாக நின்று இவர்கள் பக்கம் தலையைத் திருப்பின. வெளிச்சத்தில் அவற்றின் கண்கள் பாலாக ஒளிர்ந்தன. அவற்றுக்குப் பின்னால், தண்ணீர் ஆழமாகும் இடத்தில், அதே போல இன்னும் இரண்டு ஒளிகள். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு படகுத் துடுப்பின் நீளம் இருந்தது.

மார்லிஸ் டார்ச்சைப் பிடுங்கி அணைத்தாள்.

"திரும்பிப் பார்க்காம நட."

அன்று ராத்திரி எல்வி அண்ணியின் கட்டிலிலேயே படுத்தாள். மறுநாள் நல்ல வெயிலில் மார்லிஸ் தனியாக இறங்கி, துறையில் விட்டுவந்த படகை வண்டியில் ஏற்றினாள். எல்வி கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இப்போதும் இருவரும் சேர்ந்துதான் மீன் பிடிக்கப் போகிறார்கள், ஆனால் பாலத்துக்குக் கீழே, அடி தெரிய ஓடும் ஆற்றில். டெவ்லின் ஏரி எப்படி என்று யாராவது கேட்டால் மார்லிஸ் பொய் சொல்வதில்லை.

"மீன் நிறைய இருக்கு," என்பாள். "நீங்க போகாதீங்க."