நுஹாவின் பலகை

பாயிஸின் பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே சீட்டுகள். கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே அதை ஆக்கிவிட வேண்டுமென்ற பைத்தியத்தில், திருகாணியைக்கூட இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். மழை இருட்டினாலே படங்கு போர்த்திவிடுவார்.

கட்டாரில் குடும்பமாகிவிட்ட மகள் நுஹா லீவில் வந்ததும், பேராதனை வரை ஓட்டிக் காட்டத் துடித்தார். அவள் காரைச் சுற்றிவந்து, சீட்டுகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, என்ட பலகை எங்க?"

சின்ன வயதில் அவள் உட்கார்ந்துவர, அவரே ஆணியடித்துப் பஞ்சு வைத்துப் பொருத்திய பலகை.

"அது ஒரிஜினல் இல்ல மகள். கழட்டி வீசிட்டேன்."

சொன்ன வாய் அவருக்கே கசந்தது.

நுஹா கதவைத் திறந்து, முதன்முதலாக ஒரு வீட்டுக்குப் போன விருந்தாளியைப் போல, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.