மோதிர விரல்

அந்த முடிதிருத்தும் கடையில் வாசலை ஒட்டிய முதல் நாற்காலிக்கு அவர்தான் ராஜா. வாடிக்கையாளர்களுக்கு அவர் பெயர் 'வெண்ணெய்'. கை அப்படி. அவர் சவரம் செய்யும்போதே தூங்கிப்போய், அடுத்த சவரத்துக்கான தாடி முளைத்த பிறகு கண்விழித்தவர்கள் உண்டு. நம்பாதவர்களை வற்புறுத்த முடியாது.

கடை அவருடைய மச்சினனுடையது, அதாவது மனைவியின் தம்பி. அவனுக்குக் கத்திரி பிடிக்கத் தெரியாது. கல்லாவில் உட்காரத் தெரியும். மூக்குக்குக் கீழே ஒரு மீசை வைத்திருந்தான். கடைக்குள் முதலில் மீசை வரும், பின்னால் அவன் வருவான்.

ஒருநாள் வெண்ணெய்க்குச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, ஒருவரின் காதோரம் கீறிவிட்டது. மச்சினன் அன்றே சட்டம் போட்டான்.

"மாமா, சுகர் இருக்கிறவர் கையில சவரக் கத்தியக் குடுத்துட்டு நான் ஜெயிலுக்குப் போக முடியாது. கடைசி நாற்காலிக்குப் போயிடுங்க. சின்னப் பசங்களுக்கு மிஷின் போட்டுக்கிட்டு இருங்க."

வெண்ணெய்க்கு அது தலையை எடுத்த மாதிரி இருந்தது. மறுவாரமே, "சுகரா? அது போயே போச்சு மாப்ளே. டாக்டரே தேடிப் பார்த்தாரு, காணோம்" என்றார். மாத்திரைகள் கடையில் காலி பவுடர் டப்பாவுக்குள் குடிபோயின. மறைக்கத் தெரிந்த அளவுக்கு விழுங்க நினைவில்லை. முதல் நாற்காலி மட்டும் திரும்பக் கிடைத்தது.

பிறகுதான் மோதிர விரல் வேலையைக் காட்டியது. கத்திரியின் வளையத்துக்குள் போகிற விரல் அது. மடக்கினால் நிமிராது. இடது கையால் இழுத்தால் 'டக்' என்று திறக்கும். அந்தச் சத்தத்தைத் தாளம் என்று நினைத்துத் தலையாட்டிய ஒருவர் காதை இழக்கப் பார்த்தார். ஒருநாள் காலையில் விரல் அடியோடு பூட்டிக்கொண்டு, கத்திரி கையைவிட்டு வர மறுத்தது. அப்படியே டீக்கடைக்குப் போனார். கூட்டம் தானாக விலகியது. அன்று அவருக்குத்தான் முதல் டீ.

வீட்டில் மனைவி எண்ணெய் விட்டுக் கத்திரியைக் கழற்றினாள். "ஏங்க, டாக்டர்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க."

"சொல்லாம?" என்றார்.

சொல்லியிருப்பார். ஆனால் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தது மச்சினன். வந்தவன் வெளியே உட்காராமல் மீசையோடு உள்ளேயே வந்துவிட்டான்.

"விரல இழுக்கிற நாண் ஒரு உறைக்குள்ள ஓடுது. அந்த உறை தடிச்சுப்போச்சு" என்றார் டாக்டர். "சுகர் உள்ளவங்களுக்கு இது நிறைய வரும். உங்களுக்கு சுகர் இருக்கா?"

வெண்ணெய் மச்சினனைப் பார்த்தார். "இல்லைங்க."

"ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைங்க."

சேர்த்தார். விரல்கள் ஒட்டவில்லை, நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"சுகர் இருந்தா கை இப்படி இறுகிப்போகும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்க பரம்பரைக்கே இப்படித்தாங்க. எங்கப்பா கைக்குள்ள குருவி முட்டையிட்டு, குஞ்சும் பொரிச்சுது."

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். வெளியே கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. டாக்டர் விரலின் அடியில் ஊசியைப் போட்டு அனுப்பினார்.

ஊசி வீண்போகவில்லை. சில நாட்களில் விரல் இளகியது. டக்கும் இல்லை, டிக்கும் இல்லை. கூடவே தாகம் வந்தது. குடம் குடமாகக் குடித்தார். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவே கொல்லைக்கு ஓடினார். கண்ணாடியில் தெரிந்த முகங்கள் எல்லாம் ஆவி பிடித்ததுபோல மங்கின. கண்ணாடியைத்தான் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

கூட்டம் நிறைந்த நேரத்தில் மச்சினனே முதல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். "எல்லாரும் பாத்துக்கங்க, எங்க மாமா கை திரும்பி வந்துடுச்சு. மாமா, தாடிய எடுங்க. மீசைய லேசா ஒதுக்கிவிட்டாப் போதும்."

நுரையைப் பூசினார். வெள்ளை நுரை, கண்ணுக்குள் வெள்ளைப் பனி. எது மீசை, எது கன்னம் என்று பிடிபடவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் நாற்காலி போய்விடும். கையை நம்பினார். கை சொன்னதைக் கேட்டது. அத்தனை பதமாக அவர் வாழ்நாளில் சவரம் செய்ததில்லை. மச்சினன் குறட்டை விட்டான்.

யாரோ சிரித்த சத்தத்தில் விழித்தவன் கண்ணாடியைப் பார்த்தான். மீசை பாதிதான் இருந்தது.

"மாமா!"

அவன் கையை வீசியதில் பவுடர் டப்பா விழுந்தது. பவுடர் கொட்டவில்லை, மாத்திரைகள் உருண்டன.

மறுபடி போனபோது டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது ஸ்டீராய்டு ஊசிய்யா. சுகர் இருந்தாலும் போட்டிருப்பேன். சில நாளைக்கு சர்க்கரை ஏறும், கண்ணு மங்கும், கத்தியத் தொடாதேன்னு சொல்லி மாத்திரையக் கூட்டியிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? விரல் எப்படி இருக்கு?"

"வெண்ணெய் மாதிரி இருக்குங்க."

மனைவி வேளை தவறாமல் கையில் திணித்த மாத்திரையில் சர்க்கரை இறங்கியது. கண்ணும் தெளிந்தது. தெளிந்த கண்ணுக்கு முதலில் தெரிந்தது முதல் நாற்காலி. அதன் பின்னால் புது ஆள் நின்று காற்றில் கத்திரியைச் சொடுக்கிக்கொண்டிருந்தான். கல்லாவில் மீசையே இல்லாத மச்சினன்.

"மாமா, காலடியில முடி சேந்துபோச்சு பாருங்க."

வெண்ணெய் துடைப்பத்தை எடுத்தார். மோதிர விரல் அதைச் சுற்றி அழகாக மடங்கியது, அழகாக நிமிர்ந்தது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.