பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

மகன் செத்து இரண்டு வருடம் ஆகிறது. மருமகள் மலர்விழி வளவனூர் வீட்டிலேயே உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் டைப் அடித்து எனக்கும் சேர்த்து உலை வைக்கிறாள். அவளும் போய்விட்டால் எனக்குக் கஞ்சி ஊற்ற நாதி கிடையாது. அதனால்தான் விழுப்புரத்தில் ஒருவனைப் பிடித்து, அவள் இல்லாத நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் வேவு பார்க்கும் சாமானைப் போடவைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் திரையில் இருப்பது படமாக என் போனுக்கு வரும்.

எனக்கு இங்கிலீஷ் வராது. பஸ் போர்டில் பார்த்துப் பழகிய சென்னை என்ற இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரியும். அது நாலு படத்தில் இருந்தது. போகப்போகிறாள் என்று முடிவுகட்டினேன். யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கலாம். எவனை நம்புவது?

விழுப்புரத்தான் போட்டது ஓசிச் சரக்கு. அதோடு வேறு பீடைகளும் வந்து ஒட்டிக்கொண்டன. மலர்விழி எதைத் தேடினாலும் ரம்மி விளம்பரம் வந்து நின்றது. டைப் வேலை முடங்கிப்போனது. அவளோடு படித்த இருதயமேரி திண்டிவனத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். அங்கே தூக்கிக்கொண்டு போனோம். ரிப்பேர்காரர்கள் நல்ல சாமானை உருவிக்கொள்வார்கள் என்று நானும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நான் போட்டது யார் கண்ணிலும் படாது என்று விழுப்புரத்தான் சத்தியம் செய்திருந்தான்.

ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்த இருதயமேரி கையை நிறுத்தினாள்.

"மலரு, இது தானா வந்தது இல்லடி. யாரோ குந்திக்கினு போட்டிருக்காங்க. படமெல்லாம் இந்த நம்பருக்குப் போய்க்கினு இருக்கு பாரு."

அந்த நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் போடுவதே மலர்விழிதான்.

"இன்னா மாமா இது?"

"நீ மெட்ராசுக்கு ஓடப் பாக்கற. படத்துலயே இருக்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

என் போனைப் பிடுங்கி அந்தப் படத்தை எடுத்து, இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்தாள். "'மாமாவைத் தனியாக விட்டுவிட்டுச் சென்னைக்கு வர முடியாது, மன்னிக்கவும்.' நாலு வாட்டி வேலைக்குக் கூப்ட்டாங்க. நாலு வாட்டியும் இதத்தான் எழுதுனேன்."

இருதயமேரி சிரித்துவிட்டாள். "வேவு பாக்கறவருக்கு இங்கிலீஷ் தெரியலயேடி! இதையும் எடுத்துடட்டுமா?"

"ரம்மி கிம்மி எல்லாத்தையும் எடுத்துடு. இது இருக்கட்டும். அவரு பாக்கட்டும்."

பஸ்ஸில் அவள் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் காலை போன் கத்தியது. படம் முழுக்கத் தமிழ், பஸ் போர்டு எழுத்து அளவுக்கு. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

'சோறு குண்டானில் இருக்கு.'

அடுத்த படம்: 'வேலைக்கு வரேன்னு எழுதிட்டேன். திங்கக்கிழமை கிளம்பறேன்.'

அடுத்த அறையில்தான் இருந்தாள். முதுகு தெரிந்தது. "மலரு, தப்புதாம்மா" என்றேன். தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பத்து நிமிடம் காத்துக்கிடந்தேன்.

'கம்ப்யூட்டரையும் எடுத்துக்கினு போறேன். படம் வந்துக்கினேதான் இருக்கும். ரீசார்ஜ் மட்டும் நீங்களே போட்டுக்குங்க.'