ஆறு குழந்தைக்கு ஒரு ஆள்

நாத்தனார் காப்பகத்து நீல ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். கூடத்தில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஏதோ ஒரு குழந்தை கக்கிய பால் அவள் தோளில் காய்ந்து திட்டாக ஒட்டியிருந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

“ஒரு மணி நேரம் பர்மிஷன். பத்தேகாலுக்குத் திரும்பிடணும்” என்றாள்.

கூடம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். ஆனால் அது யார் தலையில் வைத்த குட்டு என்று அண்ணிக்குத் தெரியாதா என்ன?

இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற குழந்தைகள் காப்பகம். அங்கே அண்ணிதான் பொறுப்பாளர், லீவு சார்ட் அவள் கையில். ஆளுக்கு வருஷத்தில் இருபது நாள் லீவு உண்டு என்று தாளில் இருக்கிறது. தாளில் இருந்து என்ன செய்ய? ஆறு குழந்தைக்கு ஒரு ஆள் நின்றே ஆகவேண்டும் என்பது சட்டம். அதனால் ஒரே நாளில் இரண்டு பேருக்கு மேல் லீவில் போகக் கூடாது என்று கறாராகக் கோடு போட்டு வைத்திருந்தாள். பல்வலி, பிள்ளைக்குப் பரீட்சை, கொழுந்தன் கல்யாணம், எதைச் சொன்னாலும் சார்ட்டைத் திருப்பிக் காட்டுவாள். “பாரு, ரெண்டு கட்டமும் நிரம்பியிருக்கு.” முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் ‘கட்டம்’ என்றே பெயர். அதுவும் அவளுக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமை வேறு.

இந்த வாரத்துக் கட்டங்களில் ஒன்று கல்யாணத்துக்குப் போன ஒரு பெண்ணுக்குப் போய்விட்டது. இன்னொன்றில் அண்ணி தன் பெயரையே எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை அவள் புருஷனுக்குக் கல்லீரல் முற்றிலும் போய்விட்டது என்று சொல்லி, மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். மறுநாளே நாத்தனார் போன் செய்தாள்.

“அண்ணி, ஒரே ஒரு நாள். அண்ணனைப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன்.”

“ஏற்கெனவே ரெண்டு பேர் லீவுல இருக்கோமேம்மா.”

“நீங்க ஒரு நாள் வந்து என் இடத்துல நில்லுங்க. உங்க கட்டத்தை எனக்குக் குடுங்க.”

“இவரை இந்த நிலைமையில விட்டுட்டு நான் வரவா? ஞாயித்துக்கிழமை உனக்கு வார லீவுதானே? அன்னிக்கு வா.”

வெள்ளிக்கிழமை காலையில் அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாம் கைக்கு வந்து, இன்று சனிக்கிழமை ஒன்பது மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தார். பதினொன்றரைக்கு மயானத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். பதினொன்றுக்கு வண்டி கிளம்பியாக வேண்டும்.

நாத்தனார் அண்ணனுடைய சட்டைக் காலரை நேராக இழுத்துவிட்டாள். குனிந்தபடியே, அண்ணிக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

“என்னைக் கேட்டாரா?”

கேட்டார். நாள் தவறாமல் கேட்டார். புதன்கிழமை கண் விழித்ததும் முதல் வார்த்தையே, “தங்கச்சி வரலையா?” என்பதுதான். லீவு தரவில்லை என்று சொல்லியிருந்தால், “நீ ஒரு நாள் போய் நின்னு அவளை அனுப்பேன்” என்றிருப்பார். சொல்லக்கூடிய மனுஷன்தான். அதற்குப் பயந்துதான் அவள், “அவ லீவே கேக்கலையே” என்று சொல்லிவிட்டாள். இருப்பது மூன்றோ நான்கோ நாள். அதில் ஒரு நாளைத் தூக்கி யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. “என் மேல ஏதாவது கோபமா அவளுக்கு?” என்றார். அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

“மயக்கமாவே இருந்தாரும்மா” என்றாள் இப்போது.

நாத்தனார் நிமிர்ந்து அவளையே பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. பத்து மணி அடித்ததும் எழுந்துகொண்டாள்.

“எங்கேம்மா கிளம்பிட்டே?” என்றார் வாசலில் நின்ற சித்தப்பா. “இன்னும் ஒரு மணி நேரத்துல எடுத்துடுவோம்.”

“என்னோட ஆறு குழந்தைங்களைச் சமையக்காரம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன் சித்தப்பா. ஒரு மணி நேரத்துக்கு மேல அவங்களை என் இடத்துல நிறுத்தக் கூடாது. சட்டம். வேணும்னா அண்ணியைக் கேளுங்க.”

“நீ இரு. நான் மேனேஜர்கிட்டப் பேசறேன்” என்றாள் அண்ணி.

“பேசி? அவர் என்ன பாக்கெட்டுக்குள்ள இன்னொரு ஆளை வச்சிருக்காரா? துக்க லீவு கேட்டேன். புருஷன், பொண்டாட்டி, பிள்ளை, பெத்தவங்க, அவ்வளவுதானாம். கூடப்பிறந்தவன் லிஸ்ட்லயே இல்லையாம். அந்த லிஸ்ட்டை எழுதிக் குடுத்ததும் நீங்கதானாமே?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாசல் கேட் படாரென்று சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

“திமிரைப் பார்த்தியா!” என்று ஆரம்பித்தார் சித்தப்பா. “அண்ணன் பெட்டியில கிடக்கான், இவளுக்கு வேலை பெரிசாப் போச்சு. கல்நெஞ்சக்காரி.” அதற்குள் நாலு பேர் ஆமாம் போட்டார்கள். ஒருத்தி சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான் என்றாள். அண்ணிக்கு முதலில் அது இதமாகத்தான் இருந்தது. பழி தானாகவே வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, நல்லதுதானே? கால் மணி நேரம் தாங்கினாள். அதற்கு மேல் முடியவில்லை. முகமெல்லாம் எரிந்தது.

“அவளை ஒரு வார்த்தை சொல்லாதீங்க மாமா!” என்று கத்திவிட்டாள்.

அவள் எழுந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஐந்து நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இமைக்கக்கூட யோசித்தபடி. இன்னும் போதவில்லை. பார்த்து முடிகிற முகமா அது? செருப்பை மாட்டினாள்.

“எங்க போறே?”

“வேலைக்கு.”

“பைத்தியம் பிடிச்சுடுச்சா உனக்கு? ஊர் என்ன பேசும்?”

“பேசட்டும். அவ வர்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க.”

காப்பகத்தில் சின்ன மேஜையைச் சுற்றி ஆறும் உட்கார்ந்திருந்தன. நாத்தனார் தரையில் முழங்காலிட்டு ஒன்றுக்கு மசித்த உருளைக்கிழங்கை ஊட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் திரும்பினாள்.

“நான் நிக்கறேன். நீ போ” என்றாள் அண்ணி. “என் லீவை ரத்து பண்ணிட்டேன்னு மேனேஜர்கிட்டச் சொல்லியாச்சு. இன்னிக்குக் கட்டம் உன்னுது.”

“இப்பவா?” என்றாள் நாத்தனார். “உயிரோட இருந்தப்ப ஒரு நாள் கேட்டேன். இப்ப எடுத்துக்கோங்கறீங்க. எதுக்கு அண்ணி?”

“கேட்டாரு.”

“என்ன?”

“உன்னைக் கேட்டாரு. தினம் கேட்டாரு. நீ லீவே கேக்கலைன்னு சொல்லிட்டேன். உனக்குக் கோபமான்னு கேட்டாரு. அதுக்கும் நான் இல்லைன்னு சொல்லலை.”

நாத்தனார் கையிலிருந்த கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். எழுந்து ஏப்ரனைக் கழற்றி அண்ணியின் மார்பில் எறிந்தாள். ஓங்கி அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“ஜன்னலோரம் இருக்கானே, அவனுக்கு முட்டை ஆகாது” என்றாள் மூச்சிரைக்க. “குட்டைமுடிக்கு இன்னும் துணி மாத்தலை. உங்களை நான் மன்னிக்கமாட்டேன். சாகிற வரைக்கும் மாட்டேன்.”

“வேணாம். பத்தே முக்கால் ஆச்சு, ஓடு.”

ஓடினாள். ஜன்னல் வழியாக, தெருமுனை திரும்பும்வரை தெரிந்தாள்.

அண்ணி ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். குட்டைமுடிக்குத் துணி மாற்றினாள். ஒன்று இன்னொன்றின் காதைக் கடித்தது, பிரித்துவிட்டாள். கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள், பதினொன்று பத்து. அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சுவரில் இருந்த போன் அடித்தது.

“அவனோட அம்மா பேசறேன், ஜன்னலோரம் உக்காருவானே, அவனோட அம்மா. இன்னிக்கு ஒழுங்காச் சாப்பிட்டானா?”

“பாதி சாப்பிட்டாம்மா. மீதியை ஊட்டிடறேன்.”

“வேற குரலா இருக்கே. எப்பவும் இருப்பாங்களே, அவங்க இல்லையா?”

“லீவும்மா.”

“திடீர்னு? நேத்து சொல்லலையே?”

“அவங்க வீட்டுல ஒரு சாவு.”

“அடப்பாவமே! யாரு?”

“அண்ணன்.”

“ஐயோ, ரொம்ப நெருக்கமா?”

“ஆமாம்மா. ரொம்ப.”

“நான் விசாரிச்சேன்னு அவங்ககிட்டச் சொல்லிடுங்க.”

“சொல்றேம்மா” என்று போனை வைத்தாள். கிண்ணத்தில் உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது. கொஞ்சம் வெந்நீர் விட்டு மசித்து, ஜன்னலோரத்துக்காரன் முன்னால் முழங்காலிட்டு, “ஆ காட்டு” என்றாள்.