சிவராசாவின் நாரிப்பிடிப்பு

மூட்டுவாதத்தில் வீங்கிய விரல்களோடு தண்ணீர்க் குடம் முதல் நெல்மூட்டைவரை தவமலர்தான் சுமந்தாள். கணவர் சிவராசாவுக்கு வருடக்கணக்காக நாரிப்பிடிப்பு, இடுப்பை வளைத்துக் குனியவே முடியாதாம். யோகாவில் தன் வீக்கம் தணிந்ததும், பாவமென்று அவரையும் மன்னார் வகுப்புக்குக் கூட்டிப்போனாள்.

“மெல்லக் குனியுங்கோ. நொந்தால் நிப்பாட்டுங்கோ,” என்றாள் ஆசிரியை.

வகுப்புக்கு வந்திருந்த பக்கத்து வயல்காரரின் கை கணுக்கால்வரை போனது. அதைக் கண்டதும் சிவராசாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று வளைந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்தார்.

தவமலர் அவரை முறைத்துப் பார்த்தாள். இத்தனை வருடமும் நடிப்பா!

நிமிர்ந்தவர் மனைவியின் முகத்தைக் கண்டார். “ஐயோ, நாரி!” என்று இடுப்பைப் பிடித்தார்.

“நாரியை விடுங்கோ,” என்றாள் தவமலர். “வீட்டை போய்க் குடத்தைப் பிடியுங்கோ.”